நான்காம் பெட்டி

பெடார் ரோட்டிலிருந்து டாக்ஸியில் வரச் சொல்லி
சங்கச் செயலாளர் பணம் தந்திருந்தார்.
ஆறு தகரப் பெட்டிகளையும்
கிராண்ட் ரோட்டில் லோக்கலில் ஏற்றினேன்.
மிச்சக் காசில் ஒரு அட்டை மாத்திரை.

பெட்டிமேல் ஜப்பான் எண்கள்.
ஒன்றுக்கு ஒரு கோடு,
இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று.
அதுவரை எனக்கும் ஜப்பான் மொழி தெரியும்.
அப்புறம் அவர்களுக்கே சலித்திருக்க வேண்டும்:
ஒன்றில் திரை விலக்கிய ஜன்னல்,
ஒன்றில் காலை மடக்கி உட்கார்ந்த யாரோ,
ஒன்றில் தொப்பியோடு கிளம்பிவிட்டவன்.
தாதரில் ஏறிய கூட்டம் அடுக்கைக் கலைத்தது.
கிளம்பிவிட்டவன்தான் கடைசி, அது நிச்சயம்.
மற்ற இரண்டில்
உட்கார்ந்தவனை முதலில் ஓட்டினேன்.

கறுப்பு வெள்ளை. ராஜா காலத்துக் கதை.
தலைக்கு இத்தனை படி நெல் வரி.
கணக்கன் ஏட்டோடு வருகிறான் என்றதும்
தகப்பன் ஒரு வழி கண்டுபிடிக்கிறான்:
பெண்டாட்டியையும் சின்னவனையும்
அக்கரையில் மச்சினன் வீட்டுக் கணக்கில் எழுதிவிடு.
ஏட்டில் மட்டும்தானே.
தூரிகை தாளைத் தொடுகிறது.
மூன்றாம் பெட்டி தீர்ந்தது.

அடுத்து வர வேண்டியது பாலம்.
வந்தது உப்பளம்.
நரைத்த ஒருத்தி வாருபலகையைச் சாய்த்துவிட்டு
வழி கேட்க நின்ற ஆள் முன்னால் குனிகிறாள்.
முகத்தைப் பார்க்கவில்லை.
அறுந்த செருப்பு வாரை இழுத்து முடிகிறாள்.
அந்த முடிச்சைப் பார்த்ததும்
அவன் உப்புக்குள் முழங்காலிடுகிறான்.

மாட்டுங்கா ஹாலில் பதினோரு பேர்.
ஒருவர்கூட விசில் அடிக்கவில்லை.
நிறுத்தியிருக்கலாம்.
கை போகவில்லை.

பிறகுதான் பாலம்.
பிறகுதான் இரண்டு ஜமீன்களுக்கும் சண்டை, சுங்கச்சாவடி மூடல்,
சாயங்காலம் வந்துவிடுவேன் என்று மூத்தவனிடம் சொல்லி
அவன் செருப்பு வாரில் அவள் முதன்முதலாகப் போடும்
அந்த முடிச்சு.
இடைவேளையில் தாடிக்காரர் ஒருவர்
என்ன மாதிரி உத்தி, என்றார்.

எங்கள் வீட்டுக்குக் கணக்கன் வந்தது
நீலப் பெயிண்டோடு.
தாராவி முழுக்கக் கதவுக்கு ஒரு நம்பர்,
நம்பருக்கு ஒரு ஃபிளாட்.
எபனேசர் அண்ணன்தான் சொன்னான்:
நடுவுல ஒரு பிளைவுட் அடிப்போம்லே,
ரெண்டு கதவு, ரெண்டு கார்டு.
சும்மா ஒரு பேச்சுக்கு.
அம்மாவின் கட்டில் அந்தப் பக்கம் கிடந்தது,
அதனால் அம்மா அந்தக் கார்டில்.
தங்கபுஷ்பம், வயது அறுபத்தொன்று.
அவர் எழுதும்போது நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

ஃபிளாட் வரவில்லை.
பிளைவுட்டில் ஆணி கூடியது.
கரண்ட் பில்லில் ஒரு சண்டை,
அண்ணி சொன்ன ஒரு சொல், நான் சொன்ன இரண்டு.
ஒரு மழைக்குப் பலகை உப்பியதும்
அவன் செங்கல் வைத்தான்.
நான் சிமெண்ட் பாதிக் காசு கொடுத்தேன்.
அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அன்றைக்குப் படத்தைத் திருப்பிச் சுற்றும்போது
ஒரு கட்டத்தை பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
தூரிகை, அதன் கீழே தாள்.
நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம்.

பதினொன்றரைக்கு வந்து படுத்தேன்.
மாத்திரையை எதிர்வீட்டுப் பையன் காலையில் கொடுப்பான்,
கடைக்காரர் தந்ததாகச் சொல்லி.
செங்கலுக்கு அந்தப் பக்கம் இருமல்.
அது நின்றதும்,
எலே, சாப்டியா?

நான் ம் என்றேன்.
கேட்டிருக்குமா, தெரியாது.
அண்ணன் தூக்கத்தில் எழுந்து கேட்பது கேட்டது,
யார்ட்டம்மா பேசுத?

சுவர்ட்ட, என்றாள்.